பதினாறாவது டேப்

காத்துக்காரன் என்றால் கட்டட வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். புதிதாகக் கட்டிய வீடுகளில் காற்று எங்கே கசிகிறது என்று பார்ப்பது அவன் வேலை. வாசல் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுப்பான். சுவரில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தால்கூட அங்கே காற்று உஸ்ஸென்று வரும். புறங்கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். ஊரில் ஓட்டையே இல்லாமல் போனால் உனக்குச் சோறு ஏது என்று தங்கை கேலி செய்வாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பசுமைக் கட்டடத்தைச் சோதித்தான். நாலு மாடி, பதினாறு வீடு. கூரை முழுக்க சோலார் தகடுகள், வெயில் உறைக்காத சுவர், தூசி புகாத கண்ணாடி. ஊர்க் காற்று நாறிப்போய்விட்டதே, அதனால் ஜன்னலைத் திறக்காமலே வாழ்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பால்கனிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை. வெளிக்காற்று அதன் வழியாக வடிகட்டிக்குள் போய்ச் சுத்தமாகி வீட்டுக்குள் வரும். சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கிற சின்ன விசிறிகள் இரவு பகல் ஓயாமல் கெட்ட காற்றை வெளியே தள்ளும்.

சோதனை நேரத்தில் மட்டும் அந்தத் துளையை நீல டேப்பால் மூட வேண்டும். முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். பிரித்த டேப்பைக் காத்துக்காரன் கீழே எறிய மாட்டான். கருவிப் பெட்டியின் மூடிக்குள் வரிசையாக ஒட்டிக்கொள்வான். எத்தனை வீடோ அத்தனை துண்டு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவான்.

அன்றைக்கு எண்ணியபோது பதினைந்து இருந்தது. கீழே சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். கட்டடத்துக்காரர் நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு உயிரை எடுத்தார். ஒன்று காற்றில் பறந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைச் சாத்தினான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குச் சறுக்கினவுடனே தெரிந்துவிடும், மனுஷனுக்குத்தான் மாசக்கணக்காகிறது.

அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் தங்கைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் அவன்தான். அவள் மகளுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. இந்த வீட்டுக்குப் போனால் குழந்தை நிம்மதியாக மூச்சு விடும் என்று மாமன்காரன் அடித்துச் சொன்னான். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்போது மூன்று நாளாக ஊர்மேல் புகை. ஊருக்கு வெளியே குப்பைமேடு பற்றிக்கொண்டு அணைய மாட்டேன் என்கிறது. சூரியன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தகடுகள் பாவம், என்ன செய்யும்? பேட்டரியும் காலியாகி, முந்தைய நாள் மதியத்திலிருந்து பேஸ்மென்டில் டீசல் ஜெனரேட்டர் ஓடியது. அதன் புகைக்குழாய் கூரை வரைக்கும் போக வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் ஓடப்போகிற சனியனுக்கு நாலு மாடி உயரக் குழாயா என்று பேஸ்மென்ட் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். நல்லா இருப்பார்கள்!

காலை பதினொரு மணிக்கு வேறொரு கட்டடத்தில் அவன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். தினமும் காலையில் பால்கனிக் கதவைத் திறந்து வைப்பாளாம், மூன்று நாளாக அதையும் சாத்திவிட்டாளாம். லேசாக ஒரு வாடை இருக்கிறது, ஊரே நாறும்போது அதுகூட இல்லாமலா என்றாள். குழந்தைதான் நேற்றிலிருந்து தலைவலி என்கிறது, இன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கும் குமட்டுகிறது.

அவன் கண் பெட்டி மூடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து வரிசையில் பழைய நீலத் துண்டுகள் பதினைந்து. பறந்துபோனதாகச் சொல்லிக்கொண்ட பதினாறாவது எங்கே இருக்கிறது என்று இப்போது புரிந்தது.

துளையை மூடிவிட்டு விசிறியை ஓடவிட்டால் வீடு சும்மா இருக்குமா? கிடைத்த சந்தில் காற்றை உறிஞ்சும். அந்த வீடுகளில் இருந்த ஒரே சந்து சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் வரும் மின்கம்பிக் குழாய். அது நேராக பேஸ்மென்டில் இருந்து ஏறுகிறது. சோதனை நாளில் அவன் புறங்கையில் அந்தக் காற்று பட்டது. அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்தவனும் அவன்தான்.

"பாப்பாவத் தூக்கிட்டு உடனே வெளிய வா" என்றான்.

"வெளியவா? இந்தப் புகையிலயா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இரு, தலை சுத்துது, அப்புறம் பேசறேன்."

அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்ல, அதைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியனுக்கு நாலு தடவை போட்டான், அவரும் எடுக்கவில்லை. இருபது நிமிஷம் பைக்கில் போனான். பத்தடிக்கு முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் தன்னைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனான்.

படியில் கால் வைக்கும்போதே கீழிருந்து ஜெனரேட்டரின் உறுமல் கேட்டது. கதவை இடித்தான். ரொம்ப நேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கை வந்து திறந்தாள். குழந்தை சோபாவில் கிடந்தது. கன்னம் ரெண்டும் சிவந்து, பார்ப்பதற்கு அத்தனை ஆரோக்கியமாக இருந்தது. டீசல் புகையின் விஷவாயு ரத்தத்தில் ஏறினாலும் முகம் அப்படித்தான் சிவக்கும், அதைப் பார்த்துத்தான் அவனுக்கு உயிரே போயிற்று. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தங்கையையும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான். குப்பைப் புகையே மேல், அது கண்ணுக்காவது தெரிகிறது.

துளையின் மேல் அவனுடைய நீல டேப், ஓரமெல்லாம் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எறிந்தான். குழந்தை இருமியது, அவன் சட்டையிலேயே வாந்தி எடுத்தது, பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் அவனும் அழுதுவிட்டான்.

"தப்பு என்மேலதாம்மா. அன்னிக்கு இந்த ஒண்ண மட்டும் பிரிக்க மறந்துட்டேன்."

தங்கை அவனையே பார்த்தாள். "மறந்துட்டியா? நீ வேணும்னே ஒட்டிவெச்சதுன்னுல்ல நெனச்சேன்."

"நான் எதுக்கு ஒட்டறேன்?"

"புகை வராம இருக்கத்தான். முந்தாநாள் எல்லாரும் பயந்துபோய்க் கேட்டாங்க. எங்கண்ணன் இந்தக் கட்டடத்தையே சோதிச்சவரு, அவரே எங்க வீட்ல அடைச்சுக் குடுத்திருக்காருன்னு சொன்னேன். கடையில டேப் வாங்கிட்டு வந்து நானே வீடு வீடாப் போய் ஒட்டிக் குடுத்தேன்."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுத் துளையில் பழுப்பு டேப். கீழ்வீட்டிலும் அதேதான். மேலே இருக்கிறவை புகையில் தெரியவில்லை.

தீயணைப்புக்குப் போன் போடு, குழந்தையோடு இங்கேயே நில், உள்ளே போகாதே என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினான். மணியை அழுத்தினான். கதவை இடித்தான். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ ஜோக் சொல்ல, ஒரு கூட்டமே சிரித்தது. வேறு சத்தம் ஒன்றும் வரவில்லை. காலடியில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் அடுத்த வீட்டு மணியை அழுத்தினான்.