உள்ளிருந்து ஒரு குரல்

ஜனவரியின் கடைசி நாள், பொழுது சாயும் நேரம். நாப்லா தன் வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கோரைப்புல்லை அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். வழக்கப்படி கத்தி படாமல் கையால் பிடுங்கிய கோரை. விரல்கள் சிவந்து போயிருந்தன.

விடிந்தால் புனித பிரிஜிட்டின் திருநாள், வசந்தத்தின் தொடக்கம். முந்தின மாலையே பிரிஜிட் வீடு வீடாக வருவாள். ஒருவர் கோரையோடு வெளியே நின்று அவளுக்காகக் குரல் கொடுக்க வேண்டும்; உள்ளே இருப்பவர்கள் மண்டியிட்டு, வா என்று அழைக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் கணவர் பெலிம் வெளியே நின்றார், நாப்லா உள்ளிருந்து பதில் சொன்னாள். பெலிமை நவம்பரில் அடக்கம் செய்தாயிற்று. மகன் கிளாஸ்கோவில் இருக்கிறான். அழைப்பு இல்லாத வாசலை பிரிஜிட் கடந்து போய்விடுவாளோ என்று நாப்லாவுக்குக் காலையிலிருந்தே கலக்கம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் வில்பர்ட் ஒரு தூக்கில் பாலோடு வந்தார். நாப்லாவின் பசு வற்றிப்போனதிலிருந்து தினமும் கொண்டு வருகிறார்.

"என்னம்மா நாப்லா, சொந்த வீட்டு வாசல்லயே நிக்கிற? உள்ள யாராவது துரத்தி விட்டாங்களா?"

"துரத்தக்கூட உள்ள ஆளில்ல. அதுதான் இப்ப கவலை." விஷயத்தைச் சொன்னாள்.

வில்பர்ட் தாடையைச் சொறிந்தார். "எங்க சபையில புனிதர்களைக் கும்பிடுறதில்லன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். நான் உங்களக் கேக்கவே இல்லையே."

"கேக்காமலே கேக்குறதுல நீ கெட்டிக்காரி." தூக்கைக் கை மாற்றிக்கொண்டார். "மண்டி போட மாட்டேன். போட்டா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். மனசுல இல்லாததையும் சொல்ல மாட்டேன்."

பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மண்டியிடுங்க, கண்ணத் திறங்க, பிரிஜிட்டை உள்ள விடுங்க" என்று நாப்லா குரல் கொடுத்தாள். மறுபடி சொன்னாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறையும் சொன்னாள்.

"இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் வரட்டும்" என்றது வில்பர்ட்டின் குரல், வேதம் வாசிப்பதுபோல. "கணப்பு எரியுது. வெளிய குளிரு, உள்ள வாங்க."

வழக்கமாகச் சொல்லும் பதில் இதில்லை. நாப்லா ஒரு கணம் தயங்கினாள். ஆனால் வாசலுக்கு வந்த பிச்சைக்காரருக்கெல்லாம் அப்பன் வீட்டு வெண்ணெயை அள்ளிக் கொடுத்தவள் பிரிஜிட். மனதார வா என்று சொன்னவரிடம் அவள் குற்றம் பார்ப்பாளா? நாப்லா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கோரையை மேசைக்கடியில் வைத்தாள். மேசைமேல் மசித்த உருளைக்கிழங்கை வைத்து, நடுவில் வெண்ணெய்க்குக் குழி பறித்தாள். வில்பர்ட் தொப்பியைக் கழற்றினார். சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்வது இரண்டு பேருக்கும் பொது.

"காலை எங்கம்மா வைக்கிறது? கீழ பூரா கோரை."

"சாப்பிட்டதும் அதுலதான் பிரிஜிட்டோட சிலுவை முடையணும். அதுவரைக்கும் மடக்கிக்கோங்க."

வில்பர்ட் முணுமுணுத்துக்கொண்டே காலை மடக்கி உட்கார்ந்தார்.