கடையிலேயே மலிவான பேஸ் கிட்டார்

கணவனின் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவன் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபோது தன் கிட்டாரையும் கையோடு எடுத்துக்கொண்டு போனான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவன் கிட்டார்தான். ஆனாலும் அவள் கணவன், ஏதோ சொத்தில் பங்கு பறிபோன மாதிரி, பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான்.

கணவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். பாடுவான், கிட்டார் வாசிப்பான். அவன் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். டிரம்ஸ் அவன் பொறுப்பு. கீபோர்டு வாசிப்பவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், உலகத்துக் கவலையெல்லாம் தன் தலையில் இறங்கினாற்போல ஒரு மூச்சு விடுவார் என்பதால் எல்லோரும் அவரைப் பெருமூச்சு என்றே கூப்பிட்டார்கள். பிறந்தநாள், பணி ஓய்வு, கடைத் திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிக்கிற குழு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் டைல்ஸ் கடையின் கிடங்கில் ஒத்திகை நடக்கும்.

"பேஸ்தானே, என்ன பெரிய வித்தை? நாலு கம்பி," என்றான் கணவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே. "ஆனா ஒருத்தனும் வரமாட்டேங்கறான். எல்லாருக்கும் முன்னாடி நின்னு மினுக்கணும்."

"நான் வாசிக்கட்டுமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, "வாசியேன், யாரு வேணாம்னா?" என்றான்.

அடுத்த வாரமே அவள் இசைக்கருவிக் கடைக்குப் போனாள். சுவரில் மேல்வரிசையில் பளபளவென்று தொங்கியவற்றைத் தாண்டி, கீழே தரையோடு சாய்த்து வைத்திருந்தவற்றில் ஒன்றைக் காட்டினாள். அடர்சிவப்பு நிறம். கடையிலேயே மலிவானது அதுதான்.

"பையனுக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்கு."

"அப்படியா..." என்று இழுத்தார். "சும்மா கத்துக்க இது போதும்."

மலிவு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. தோளில் மாட்டினால் கழுத்துப் பக்கம் கனத்துத் தலை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளின் ஓரம் உள்ளங்கையைக் கீறியது. சத்தம் கூட்டும் திருகைத் தொட்டால் மணலை மெல்லுகிற மாதிரி கரகரத்தது. கம்பிகள் உட்காரும் உச்சிப் பட்டை ஒரு பக்கம் விரிந்து, தடித்த கம்பி எப்போது இழுத்தாலும் இரைந்தது.

அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல்லைப் பதித்து, தேய்த்து மெருகேற்றி அனுப்ப வேண்டும். சூடான கத்தி பட்டுப்பட்டு அவள் விரல் நுனி ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. கம்பி அதை ஒன்றும் செய்யவில்லை. மதிய இடைவேளையில் கிட்டாரைக் கூடத்துக்குக் கொண்டுபோய், பல்லைத் தேய்க்கும் சின்னக் கல்லால் பட்டிகளின் ஓரத்தை மழுக்கினாள். உச்சிப் பட்டைக்குப் பதில், பல் செட்டின் ஈறுக்குப் போடும் இளஞ்சிவப்புப் பிசினில் ஒன்று வார்த்து, கம்பிக்கு வழி அறுத்து ஒட்டினாள். இரைச்சல் நின்றது.

"உன் கிட்டாருக்கு ஈறு முளைச்சிடுச்சு. பல்லுதான் பாக்கி," என்று சிரித்தான் கணவன். அப்போது அவளும் சிரித்தாள்.

ஒத்திகையில் முதலில் எல்லோரும் அவளைப் பொறுத்துக்கொண்டார்கள். ஓரமாக, டைல்ஸ் பெட்டிகளை ஒட்டி நின்று, கொழுந்தனின் காலைப் பார்த்தே வாசிப்பாள். அவன் கால் டிரம்மை மிதிக்கும் அதே நொடியில் அவள் விரல் கம்பியை இழுக்க வேண்டும். பிந்தினால் பாட்டு நொண்டும், முந்தினால் கணவன் திரும்பி முறைப்பான். பஸ்ஸில் போகும்போது கைப்பையின் வாரில் விரலை ஓட்டிக்கொண்டே போவாள். மழைக்காலம் முடிவதற்குள் அவள் முந்துவதும் நின்றது, பிந்துவதும் நின்றது. அதன்பிறகு, பழைய ஆள் வாசித்ததை விட்டுவிட்டுத் தானாகவே சிலவற்றைப் போட ஆரம்பித்தாள். ஒரு காதல் பாட்டில் எல்லோரும் மேலே ஏறும் இடத்தில் அவள் மட்டும் படியிறங்குவது போல ஒவ்வொரு சுரமாகக் கீழே வருவாள். முதல்முறை அதைக் கேட்டபோது பெருமூச்சு விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி, நீங்க பக்கத்துல நின்னா நான் தூங்கிக்கிட்டே அடிப்பேன்," என்றான் கொழுந்தன்.

கணவன் அந்தப் பாட்டைப் போனில் பதிவு செய்துகொண்டான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாசிக்கும்போது யாரும் அவளைப் பார்ப்பதில்லை, எல்லோரும் பாடுகிறவனைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆடுகிறவர்களின் கால் யார் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பணி ஓய்வு விருந்தில் அவள் ஒரு தாள அடியைத் தள்ளிப் போட்டாள். கூட்டம் மொத்தமும் அவளுக்காகக் காத்திருந்து பிறகு காலை வைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. அவன் "ம்" கொட்டிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

அதன்பிறகுதான் அந்தப் பெரிய வாய்ப்பு வந்தது. ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, பெரிய மண்டபத்தில், மதிய விருந்தோடு. அங்கே பெயர் எடுத்துவிட்டால் அடுத்தடுத்து அழைப்பு வரும் என்று கணவன் கால் தரையில் பாவாமல் நடந்தான். விழா நெருங்கிய ஒரு காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"இந்த ஒரு தடவை மட்டும் வெளியாளு ஒருத்தர வெச்சுக்கலாம்னு பார்க்கிறேன்."

"ஏன்? எங்கயாவது தப்பா வாசிச்சேனா?"

"சே, உன் வாசிப்புல குறையே இல்ல. உன் கிட்டார்தான். அவ்வளவு பெரிய மேடையில வெச்சா சீப்பா தெரியும். சத்தமும் சீப்பாதான் வரும். புரிஞ்சுக்கோ."

"நல்லதா ஒண்ணு வாங்கிடறேனே?"

"இப்போ அதுக்கெல்லாம் எங்க நேரம்? அடுத்த தடவை பார்ப்போம்."

அவள் நம்பினாள். கிட்டாரைக் குறை சொன்னதில் அவளுக்கு வலிக்கவில்லை; அதன் குறை அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த வாரமெல்லாம், அடுத்த தடவைக்கு எதை வாங்கலாம் என்றே மனசு கணக்குப் போட்டது. விழா நாளன்று காலை கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கடைக்குத்தான் போனாள். மேல்வரிசையிலிருந்து ஒன்றை இறக்கித் தரச் சொல்லி மடியில் வைத்து வாசித்துப் பார்த்தாள். கழுத்து சாயவில்லை. திருகு கரகரக்கவில்லை. கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார். "நல்லா வாசிக்கிறீங்களேம்மா," என்றார். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. வீட்டுக்கு வந்து, அதே பாட்டைத் தன் கிட்டாரில் வாசித்தால் எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்று பார்ப்பதற்காக அலமாரிப் பக்கம் போனாள்.

கிட்டார் இல்லை. பையும் இல்லை.

கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கொழுந்தனுக்குப் போட்டாள். அவனும் எடுக்கவில்லை. திருடன் வந்திருந்தால் டிவியை விட்டுவிட்டா போவான் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மண்டபத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். பின்கதவு ஓரமாக நின்று மேடையைப் பார்த்தாள். அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில், தலைமுடியைக் கொண்டை போட்ட ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அவன் தோளில் தொங்கியது அடர்சிவப்பு கிட்டார். அந்த நிறத்தில் ஆயிரம் கிட்டார் இருக்கலாம். ஆனால் கழுத்து உச்சியில் விளக்கொளி பட்டு, ஈறு நிறத்தில் ஒரு துண்டு மின்னியது. அது உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு.

காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் மேலே ஏறினார்கள். கொண்டைக்காரன் படிப்படியாகக் கீழே இறங்கினான். ஒரு சுரம் மாறவில்லை. கணவன் போனில் பதிந்து வைத்தது எங்கே போயிருக்கிறது என்று அப்போது அவளுக்கு விளங்கியது. சத்தம் சீப்பாகவும் இல்லை. மண்டபம் நிறைந்து, கதவுப் பிடியில் வைத்திருந்த அவள் கைவரைக்கும் அதிர்ந்து வந்தது.

இடைவேளை விட்டதும் மேடைக்குப் பின்னால் போனாள். அவளைப் பார்த்ததும் கணவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவன் கிட்டார்ல ஏதோ கோளாறு. கடைசி நேரத்துல சத்தமே வரல. அவசரத்துக்கு வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"சீப்பா தெரியும்னீங்களே?"

கொழுந்தன் டிரம் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கிட்டார் இங்க இருக்கு. நான்தான் இல்ல. அப்போ சீப்பா தெரிஞ்சது எது?"

"மெதுவா பேசு. எல்லாரும் பார்க்கறாங்க." அவளைத் தள்ளிக்கொண்டு மூலைக்கு வந்தான். "கம்பெனிக்காரங்க நம்ம வீடியோவப் பார்த்தாங்க. பின்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கறாங்களே, உங்க வீட்டம்மாவா, குடும்ப விழா மாதிரி இருக்கேன்னு சிரிச்சாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விடேன்."

"என்ன சொன்னீங்கன்னு கேக்கறேன்."

"ஆளு கிடைக்கிற வரைக்கும் சும்மா நிக்கறான்னு சொன்னேன். போதுமா?"

அவள் கண் கலங்கவில்லை. பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தபோது அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நேரே கொண்டைக்காரனிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் தோள்வாரைக் கழற்றிக் கிட்டாரைக் கொடுத்தான்.

"ஸாரிக்கா. உங்களுதுன்னு எனக்கு யாரும் சொல்லல." கொஞ்சம் தயங்கினான். "அந்த இறங்கி வர்ற இடம் ரொம்ப நல்லா இருக்கு. யாரு போட்டது?"

"ஆளு கிடைக்கிற வரைக்கும் நின்னவ."

பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கணவன் பின்னாலேயே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்போ நான் எப்படி மேடையேறுவேன்? என்னை நாறடிக்கணும்னே வந்தியா?" என்றான். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கம், மண்டபத்தின் ஜன்னல் ஓரமாக நின்றாள். பார்க்கலாம் என்றிருந்தது. கேட்கலாம் என்றிருந்தது. பேஸ் இல்லாமல், அந்தத் தரை இல்லாத வீட்டில் எப்படி நடக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் போக முடியவில்லை.

இரண்டாம் பகுதி தொடங்கியது. பேஸ் இல்லை. முதல் பாட்டு பஞ்சு மாதிரி மிதந்தது. பெருமூச்சு இடதுகையால் எதையோ போட்டு ஒப்பேற்றினார். பிடித்து நிறுத்த ஆளில்லாமல் கொழுந்தனின் அடி ஓட ஆரம்பித்தது. அவள் காதுக்கு ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகக் கேட்டது. இதோ இப்போது சலசலப்பு வரும், இதோ ஆடுகிறவர்கள் நிற்பார்கள் என்று காத்திருந்தாள்.

கைதட்டல்தான் வந்தது. அடுத்த பாட்டுக்கு இன்னும் பலமாக வந்தது. விசிலடித்தார்கள். மறுபடி பாடச் சொல்லிக் கத்தினார்கள். கை கழுவ வெளியே வந்த ஒரு பெண் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓடினாள். வாசலில் காவலுக்கு நின்றவர் காலால் தாளம் போட்டார். அது தப்பாத தாளம். பேஸ் இல்லாமலேயே தப்பாத தாளம்.

சாயங்காலம் கணவன் வீட்டுக்கு வந்தபோது அவன் கோபமெல்லாம் வடிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினான்.

"நீ எடுத்துட்டுப் போனத யாருமே கவனிக்கல, தெரியுமா?" என்றான். குத்திக்காட்டச் சொன்னதுபோல் இல்லை. அவனுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. "ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கல."

"தெரியும். வெளியிலதான் நின்னுட்டிருந்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். காலுறையைச் சுருட்டிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

குழுவுக்கு அதன்பிறகு நல்ல காலம். அழைப்புகள் வந்தன. கொண்டைக்காரனும் தேவைப்படவில்லை, பேஸைக் கீபோர்டிலேயே போட்டுக்கொண்டார்கள். கொழுந்தன் ஒருநாள் வந்து, சமையலறை வாசலில் நின்று, "அண்ணன் சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தெரியும் அண்ணி, சொல்ல வாய் வரல," என்றான். அவள் அவனுக்கும் சேர்த்து டீ போட்டாள். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கணவனும் அவளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், மின்கட்டணம் பற்றியும் குழாய் ஒழுகுவது பற்றியும் பேசினார்கள். பாட்டு பற்றி மட்டும் பேசுவதில்லை.

அவன் ஒத்திகைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கிட்டாரை ஒரு சின்ன ஒலிபெருக்கியில் செருகி வாசித்தாள். வீடு காலியாக இருப்பது அப்போதுதான். பாடுகிறவனும் இல்லை, டிரம்ஸும் இல்லை, வெறும் பேஸ். பாட்டு தெரியாதவர்களுக்கு அது என்ன பாட்டு என்றே தெரியாது.

ஒரு ஞாயிறு கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாள்.

"என்னம்மா அது சத்தம்? எங்க வீட்டு டம்ளரெல்லாம் ஆடுது."

"பேஸ் கிட்டார்ங்க."

"யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"நான்தான்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கோம்மா. தலை வலிக்குது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு, கரகரத்த திருகைப் பிடித்துச் சத்தத்தைக் குறைத்தாள். காதுக்குப் போதவில்லை. கிட்டாரின் விளிம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு, எலும்பு வழியாகக் கேட்டபடி, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.