சொந்தச் செலவில் ஒரு கேள்வி

பால் பாக்கெட் போடும் ஆலையில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நுண்ணுயிரியலில் முதுகலை முடித்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு என்று நினைத்து அங்கே சேர்ந்தவள். கல்யாணம், குழந்தை, குழந்தையின் பள்ளிக்கூடம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. முனைவர் பட்ட ஆசை மட்டும் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. உதவித்தொகைக்கான வயதோ தாண்டிவிட்டது. சொந்தச் செலவில் சேரலாம் என்று தெரிந்ததும் கணவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"படி. வீட்ல ஒரு டாக்டர் இருந்தா நல்லதுதானே? முதுகு வலிக்குது, மாத்திரை எழுதிக் குடு."

"அந்த டாக்டர் இல்லீங்க."

"தெரியும்மா. போய் விசாரிச்சுட்டு வா."

விசாரித்தாள். முதலில் பார்த்த பேராசிரியர், சொந்தச் செலவு என்று கேட்டதும் முகம் மலர்ந்து, அவள் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய ஆய்வுத் திட்டத்தின் மேலேயே காபிக் கோப்பையை வைத்தார். "எப்ப சேர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். அடுத்தவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "தலைப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, முதல்ல பணத்தைக் கட்டிருங்க."

சந்தோஷப்பட வேண்டியவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "யாருமே ஒரு கேள்விகூடக் கேக்கலீங்க. என்னைச் சேத்துக்கறாங்களா, என் பணத்தைச் சேத்துக்கறாங்களான்னே தெரியல."

மூன்றாவதாகப் பார்த்த பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. மேஜை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு எங்கும் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஒரு நாற்காலியைக் காலிசெய்து அவளை உட்காரவைத்துவிட்டு, பென்சிலும் கையுமாக அத்தனை பக்கங்களையும் வரி விடாமல் படித்தார். குளிர்பெட்டியில் வைத்த பாக்கெட் பால்கூடச் சீக்கிரம் கெடுவதற்கு ஒரு கிருமி காரணம், ஆலையில் பாலைச் சூடுபடுத்தும்போது அது சாகாமல் தப்பிக்கிறது, எப்படி என்று ஆராய வேண்டும் என்பது அவளுடைய திட்டம்.

"தப்பிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கிருமியைத் தனியாச் சூடு பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம். சூடு பண்ணின பிறகும் பால்ல இருக்குன்னா, தப்பிச்சிருக்கணும்னு..."

"நினைச்சுட்டீங்க. நினைச்சதுக்கெல்லாம் பட்டம் குடுக்க முடியாதும்மா. இப்போதைக்கு உங்களைச் சேத்துக்க முடியாது."

"மேடம், நான் சொந்தச் செலவுல..." வாய் தவறி வந்துவிட்டது.

"அதை ஆபீஸ்ல சொல்லுங்க. எனக்கெதுக்கு?"

காது மடல் சுட, வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர் என்றைக்காவது சரி என்றால், அந்தச் சரிக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

"திட்டு வாங்கிட்டு இவ்வளவு குஷியா வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றான் கணவன்.

ஆலை மேனேஜரிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்ததும் சோதனைக்கூடத்திலேயே தங்கினாள். கிருமியைச் சுத்தமான பாலில் கலந்து, ஆலையில் கொடுக்கும் அதே சூட்டை அதே நேரத்துக்குக் கொடுத்தாள். கொஞ்சத்தைச் சூடு காட்டாமல் வைத்துக்கொண்டாள். இரண்டையும் தட்டுகளில் தடவி வளரவிட்டாள். சூடு காட்டாத தட்டில் கிருமி கொசகொசவென்று வளர்ந்திருந்தது. சூடு காட்டிய தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே.

கிருமியோடு அவளுடைய திட்டமும் செத்துப்போயிருந்தது. முதலில் பார்த்த இரண்டு பேராசிரியர்களில் ஒருவரிடம் பேசாமல் சேர்ந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே வெட்கப்பட்டு, தட்டுகளைத் துணிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் போனாள்.

"நான் எழுதினது தப்பு மேடம். சூட்டுல செத்துப்போயிடுது."

பேராசிரியை தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சரி, அப்போ பாக்கெட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

வழியெல்லாம் அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். "சூடு பண்ணின பிறகுதான் வந்திருக்கணும். பாக்கெட்ல நிரப்பற மெஷின்ல எங்கேயோ ஒளிஞ்சிருக்குன்னு சந்தேகம். ஆனா அதைத் தினமும் வெந்நீர், மருந்து எல்லாம் விட்டுக் கழுவறோம் மேடம். சூட்டுல சாகற கிருமி, அத்தனைக்கும் எப்படித் தாக்குப்பிடிக்குது?"

பேராசிரியை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது கேள்வி. இதுக்குச் சில வருஷம் உழைக்கலாம். வேலையை விட்டுடாதீங்க, உங்க கிருமி அங்கதான் இருக்கு. பகுதி நேரமாச் சேந்துக்கங்க."

"அப்போ என்னைச் சேத்துக்கறீங்களா மேடம்?"

"பின்னே? உங்க மெஷினை நானா வந்து தேய்ச்சுப் பாக்க முடியும்?"

மாடிப்படியிலேயே உட்கார்ந்து கணவனுக்கு போன் போட்டாள். பின்னணியில் இரும்புச் சத்தம் கேட்டது.

"லிஃப்ட் மேல நிக்கறேன், சீக்கிரம் சொல்லு."

"செத்துப்போச்சுங்க!"

"ஐயோ, யாரு?"

"கிருமி! மேடம் என்னைச் சேத்துக்கிட்டாங்க!"

சத்தம் நின்றது. யாரிடமோ அவன், "என் பொண்டாட்டி பாஸ் பண்ணிட்டா" என்று கத்துவது கேட்டது. இன்னும் சேரக்கூட இல்லை, அதற்குள் பாஸா என்று திருத்த வாயெடுத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா இருந்துவிட்டாள்.