பாதி வழியில் நின்ற ஹால்

வாரிம்பா ஊர் ஹாலை இடம் மாற்றுவதா வேண்டாமா என்று கூடிய கூட்டத்தில், மாற்றுவது என்று முடிவாகக் காரணமாக இருந்தவள் ஐடா டோல்மன். வேண்டுமென்று செய்ததல்ல. ஈ ஒன்று மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் பெர்ஸி ரடக், "ஹால் ஸ்டேஷன் பக்கம் போகணும்கிறவங்க கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினைந்து கைகள். வேண்டாம் என்று முன்பே தூக்கியவர்கள் பதினாலு பேர். ஐடா வாயைத் திறப்பதற்குள் ரயில்வே ஹோட்டல்காரன் பெர்ட் குவில்டி பெஞ்சைத் தாண்டி ஓடிவந்து, எல்லார் எதிரிலும் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டான்.

"ஐடா, உனக்குத்தான்மா தைரியம்! பழைய ஊர்ல குடியிருந்துக்கிட்டு எங்க பக்கம் நின்ன பாரு!"

அதற்குப் பிறகு, ஈயைத்தான் விரட்டினேன் என்று எப்படிச் சொல்வது? ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, தபால்நிலையத்தை நடத்துபவள், ஹால் கமிட்டியின் செயலாளர். சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் ஊரில் பாதி திட்டும். திட்டு வாங்குவதே மரியாதை என்று இருந்துவிட்டாள்.

வாரிம்பா அப்போது இரண்டு ஊராகக் கிடந்தது. முதலில் குடியேறியவர்கள் கிணறு இருந்த இடத்தில் சர்ச்சும் பள்ளியும் ஹாலும் கட்டினார்கள். ரயில்காரர்களோ அதைச் சட்டை செய்யாமல் ஒரு மைல் தள்ளித் தண்டவாளம் போட்டு ஸ்டேஷன் கட்டினார்கள். பீர் விற்கும் ஹோட்டல், மளிகைக்கடை, கொல்லன் பட்டறை எல்லாம் ரயிலின் பின்னாலேயே போய்விட்டன. பழைய ஊரில் மிச்சம் இருந்த பெருமை அந்த ஹால் ஒன்றுதான். மர ஹால், தகரக் கூரை, ஒரு பியானோ. நடனம், தேர்தல், கல்யாணம், சாவுக்குப் பின் தேநீர் எல்லாம் அங்கேதான்.

கூட்டம் முடிந்த மறுநாளே ஐடாவுக்கு வினை தொடங்கிற்று. பெர்ஸியின் மனைவி ஆக்னஸ், இருபது வருடப் பக்கத்து வீட்டுக்காரி, தபால்நிலையத்துக்கு வந்து ஐடாவைப் பார்க்காமல் தராசைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டு ஸ்டாம்ப் வேணும்."

"ஆக்னஸ், என்கிட்ட பேசேன்."

"தராசுகிட்ட பேசிக்கிறேன். அது ஒரு பக்கமும் சாயாது."

சர்ச்சில் ஐடா உட்கார்ந்த பெஞ்சு முழுக்க அவளுக்கே விடப்பட்டது. காலை நீட்டிப் படுத்தே பிரார்த்தனை செய்திருக்கலாம்.

ஹாலைப் பிரிக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போகும் பொறுப்பு ஓட்டோ நோஸ்கேயிடம் போயிற்று. கோதுமைக் கதிரடிக்கும் நீராவி என்ஜின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனிடம்தான் இருந்தது. ஓட்டோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவன் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். ஹாலைச் சுற்றி நடந்தான். கீழே குனிந்து, ஹாலைத் தாங்கி நின்ற கட்டைக்கால்களைத் தட்டினான். வானத்தைப் பார்த்தான்.

"நாலு மணி நேரம்" என்றான்.

"மழை வந்தா?" என்று கேட்டாள் ஐடா.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏழு மாதமாக ஒரு துளி இல்லை. ஆடுகள் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹாலை ஜாக்கி வைத்துத் தூக்கி, உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றி, ஓட்டோவின் என்ஜினோடு சங்கிலியால் பிணைத்தார்கள். பியானோவை இறக்கச் சொன்னார் பெர்ஸி. அது பழைய ஊர்ப் பெண்கள் வாங்கியது, அது இங்கேயே இருக்கட்டும் என்றார். ஹாலோடு சேர்ந்ததுதான் பியானோ என்றான் பெர்ட். தூக்க வேண்டிய ஆறு பேரும் வாக்குவாதத்தில் கலந்துகொண்டதால் பியானோ உள்ளேயே நின்றுவிட்டது. ஓட்டோ விசிலை ஊதினான். ஹால் முனகிக்கொண்டு கிளம்பியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பழைய ஊர்க்காரர்கள் சவ ஊர்வலம்போல் ஒரு பக்கமும், ஸ்டேஷன்காரர்கள் கல்யாண ஊர்வலம்போல் மறுபக்கமும் நடந்தார்கள். ஐடா எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் ஹாலுக்குப் பின்னாலேயே தூசியைத் தின்றுகொண்டு போனாள்.

சரியாக அரை மைல் போயிருப்பார்கள். கரிசல் நிலம் தொடங்கும் இடம். தெற்கே கறுத்திருந்த வானத்தை அதுவரை யாரும் நம்பவில்லை. முதல் துளி பெர்ட்டின் வழுக்கையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். அப்புறம் வானமே கொட்டிற்று.

ஏழு மாதம் காத்திருந்த மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஹாலை மறந்தார்கள். தொப்பியைக் கழற்றி வீசினார்கள். பெர்ஸி ரடக் வாயைப் பிளந்துகொண்டு மழையைக் குடித்தார். ஓட்டோ மட்டும் என்ஜினின் சக்கரம் பாதி புதைந்ததைப் பார்த்தான். அவசரமில்லாமல் கீழே இறங்கி, சங்கிலியைக் கழற்றி, என்ஜினை மட்டும் எப்படியோ மேட்டுக்கு ஏற்றினான். ஹால் ஒரு மூலை தாழ்ந்து கரிசலில் அமர்ந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த ஆள் மாதிரி.

மழை நாலு நாள் விடவில்லை. சனிக்கிழமையோ பெர்ஸி வீட்டுக் கல்யாணம். மகள் வேராவுக்கும் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் கிளைடுக்கும். சர்ச்சிலோ பள்ளியிலோ முப்பது பேர் நின்றால் முப்பத்தொன்றாமவர் மூச்சுவிட முடியாது. விருந்துக்கு அழைத்திருந்ததோ நூற்றிருபது பேர். பெர்ஸியின் ஆட்டுக் கொட்டகையில் நனைந்த ஆடுகள் நிறைந்திருந்தன.

வெள்ளிக்கிழமை தபால்நிலையத்தில் பெர்ஸியும் பெர்ட்டும் மோதிக்கொண்டார்கள்.

"என் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தைத் தர்றேன்யா. சும்மாவே தர்றேன்" என்றான் பெர்ட்.

"என் பொண்ணு கல்யாண விருந்து சாராயக்கடையிலயா? எங்கப்பா கல்லறையில புரண்டு படுப்பார்."

"படுக்கட்டுமே. ஒரே பக்கமாப் படுத்து அவருக்கும் வலிக்கும்ல?"

"உன்னாலதான்யா ஹால் நடுத்தெருவுல நிக்குது!"

"மழைக்கு நானாய்யா மனு போட்டேன்?"

ஐடா தபால் முத்திரையை மேசையில் ஓங்கிக் குத்தினாள். இருவரும் அடங்கினார்கள்.

"ஹால் எங்க நின்னா என்ன? கூரை ஒழுகல. பியானோ உள்ளே இருக்கு. விருந்தை அங்கேயே வைங்க."

"அது சாஞ்சு நிக்குதேம்மா!" என்றார் பெர்ஸி.

"சாஞ்சு உக்காந்து சாப்பிடுங்க."

ஸ்டாம்ப் வாங்க வந்து கேட்டுக்கொண்டிருந்த ஓட்டோ நெடுநேரம் கழித்து, "அடியில நாலு முட்டுக் கொடுத்தா விழாது" என்றான்.

அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை மதியம் மழை விட்டது. பழைய ஊரிலிருந்து அரை மைல், ஸ்டேஷனிலிருந்து அரை மைல்; எல்லாரும் செருப்பையும் பூட்ஸையும் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் வந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்தார்கள்: ஆட்டிறைச்சி சாண்ட்விச், ஸ்கோன் பன்கள், ஜெல்லி, ஸ்பாஞ்ச் கேக். வாசலில் வாளித் தண்ணீர் வைத்துக் கால் கழுவினார்கள். பியானோவை ஆட்டுக்கயிற்றால் சுவரில் கட்டினார்கள்.

கட்டாதது எல்லாம் நகர்ந்தது. மேட்டுப் பக்கம் வைத்த ஜெல்லி, மணமகனின் அத்தையைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தது. வேராவும் கிளைடும் நடனத்தை மேலே தொடங்கிக் கீழ் மூலையில் முடித்தார்கள். அடுத்தடுத்து ஆட வந்தவர்களும் அப்படியே. அரை மணி நேரத்தில் பழைய ஊர், ஸ்டேஷன் ஊர் என்ற பேதமில்லாமல் நூற்றிருபது பேரும் அந்த ஒரே மூலையில் குவிந்துகிடந்தார்கள். மேலே தனியாக உட்கார்ந்திருந்த பெர்ஸியின் பெஞ்சும் மெல்ல வழுக்கி வந்து பெர்ட்டின் பெஞ்சை முட்டி நின்றது.

"வாய்யா சம்பந்தி" என்றான் பெர்ட், ஸ்டேஷன் ஊர் முழுக்கவே மாப்பிள்ளை வீடு என்ற உரிமையில்.

"நான் வரல. பெஞ்சு வந்துச்சு."

வாழ்த்துத் தந்திகளை வாசிப்பது தபால்காரியின் உரிமை. ஐடா நாற்காலியில் ஏறி, ஒரு காலை மடக்கிச் சமாளித்துக்கொண்டு ஏழு தந்திகளையும் வாசித்தாள். கைதட்டல் ஓய்ந்தது. கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் ஆக்னஸ் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கோனையே பார்த்துக்கொண்டிருந்தது ஐடாவுக்குத் தாங்கவில்லை.

"இன்னொரு சேதி. இது தந்தியில வரல" என்றாள். "அன்னிக்குக் கூட்டத்துல நான் ஓட்டுப் போடல. ஈ விரட்டினேன்."

பெர்ஸி எழுந்து நின்றார்.

"அப்போ... அப்போ ஹால் நகர்ந்தே இருக்கக் கூடாது!"

"இருய்யா" என்று அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தான் பெர்ட். கொஞ்சம் தயங்கினான். "ஐடாவே சொன்ன பிறகு நானும் சொல்லிடறேன். எங்க பக்கம் கை தூக்கினவங்கள்ல ஒருத்தன் நம்ம ஊர்க்காரனே இல்ல. தையல் மெஷின் விக்க வந்தவன். ஒரு கிளாஸ் பீர் வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தேன்."

"அயோக்கியா!" என்று கத்தினார் பெர்ஸி. ஆனால் முகம் சிவந்து, காலரைத் தளர்த்திக்கொண்டார். "நான் மட்டும்... எங்க மாமா படுத்த படுக்கையா இருக்கார்ல, அவர் ஓட்டையும் நானே சேத்து எண்ணினேன். வந்திருந்தா எங்க பக்கம்தான் தூக்கியிருப்பார்."

"தூக்கியிருக்கவே மாட்டார்" என்றாள் ஆக்னஸ். கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. "நீங்க முறைச்சதாலதான் நானே வேண்டாம்னு தூக்கினேன். எனக்கு ஹால் ஸ்டேஷன் பக்கம் போகணும்னுதான் ஆசை. மளிகைக்கடையும் அங்கதானே இருக்கு!"

ஐடா நாற்காலியில் நின்றபடியே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒருமுறை பழைய ஊர் ஜெயித்தது. மறுமுறை எண்ணினால் ஸ்டேஷன் ஜெயித்தது.

"ஓட்டோ, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. எந்தப் பக்கம் கை தூக்கினீங்க?"

ஓட்டோ வாயிலிருந்த கேக்கை மென்று, விழுங்கி, தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"ரெண்டு தடவையும் தூக்கினேன்" என்றான். "ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டப்பட்டவங்க."

முதலில் சிரித்தது மணப்பெண். அப்புறம் பெர்ட். பெர்ஸி சிரிப்பை அடக்கப் பார்த்தார். அடக்கிய வேகத்தில் பெஞ்சு மறுபடி வழுக்கி இருவரும் தரையில் விழுந்தார்கள். ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியருகே வந்து கையை நீட்டினாள்.

"இறங்குடி. விழுந்து தொலைக்கப்போறே. உனக்கு வந்த தைரியம் எனக்கு வரலையேன்னுதான்டி அத்தனை கோவம். ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்க விட்டே? தராசுகிட்டல்ல பேசிட்டிருந்தே!"

சேறு காய்ந்ததும் ஓட்டோ வந்து பார்த்தான். அடுத்த அறுவடை முடியும்வரை என்ஜினுக்கு நேரமில்லை என்றான். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்றும் கேட்டான். யாரும் சொல்லவில்லை. அந்த அறுவடையும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. இதற்கிடையில் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து ஹாலைத் தூக்கி நிமிர்த்தி, நின்ற இடத்திலேயே புதுக் கட்டைக்கால் வைத்தார்கள். சாலை போட வந்த அதிகாரி வரைபடத்தை விரித்து, கோடு நேராக ஹாலுக்குள்ளே போவதைக் கண்டு தலையைச் சொறிந்தார். ஐடா அவருக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்தாள். கோடு வளைந்தது.

பிறகு ஒரு கூட்டத்தில், ஹாலுக்கு முன்வாசல் எந்தப் பக்கம் என்ற பேச்சு எழுந்தது. பழைய ஊரைப் பார்த்து என்றார் பெர்ஸி. ஸ்டேஷனைப் பார்த்து என்றான் பெர்ட். மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். ஓட்டுக்கு விடலாமா என்று யாரோ கேட்டபோது எல்லாருமாக "வேண்டாம்!" என்று கத்தினார்கள்.

ஆகவே வாரிம்பா ஹாலுக்கு இரண்டு முன்வாசல், பின்வாசல் கிடையாது. பியானோவை வெளியே எடுக்க வேண்டி வந்தால் எந்த வாசல் வழியாக என்பது இன்னும் முடிவாகவில்லை.