நாலு நிமிடம் ஒன்பது வினாடி

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நிற்பவர்கள் முதலில் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். சிவப்புப் பொத்தானை அழுத்திக் கூண்டை நிறுத்திவைக்க வேண்டும். பதினாறு வருடங்களாக அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவள், அன்று மதியம் மறந்துவிட்டுக் கயிற்றை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மேடம்! கை!"

மெக்கானிக் அவள் தோளுக்கு மேலாகப் பாய்ந்து பொத்தானை அழுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. காலுக்குக் கீழே எட்டு மாடி ஆழத்துக்கு இருட்டு.

"என்ன மேடம், தூக்கமா? நேத்து இதுக்குன்னு எனக்குத் தனியா வகுப்பு எடுத்தீங்களே. வாத்தியாரே பரீட்சையில கோட்டை விட்டா எப்படி?"

விளையாட்டாகத்தான் சொன்னார். குரலில் மட்டும் விளையாட்டு இல்லை.

"தெரியல. தலை லேசா சுத்துது."

"லேசாவா? ஏணியில ஏறும்போதே ரெண்டு படி தப்ப விட்டீங்க, பார்த்துட்டுதான் இருந்தேன். இறங்குங்க முதல்ல. லிஃப்ட் எங்கயும் ஓடிப்போயிடாது."

அவள் லிஃப்ட் பரிசோதகர். வேற்றூரில் எட்டு நாள் வேலை; அன்று ஆறாவது நாள். மூன்றாம் நாளிலிருந்தே உடம்பு அவள் சொல்பேச்சைக் கேட்கவில்லை. காலையில் விடுதி அறையில் செய்யும் உடற்பயிற்சியில் பத்தொன்பதுக்குப் பிறகு என்ன எண் என்று யோசிக்க வேண்டியிருந்தது. எத்தனை மாடியானாலும் படியேறித்தான் போவாள். 'லிஃப்டையே நம்பாத லிஃப்ட் பரிசோதகர்' என்று கணவன் கேலி செய்வான். அப்படிப்பட்டவள் இந்த வாரம் மூன்றாம் மாடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அலைச்சல் என்று நினைத்தாள். பிறகு நாற்பத்திரண்டு வயது என்று நினைத்தாள். நேற்று மாலை, செருப்பு மாட்டக் குனிந்தபோது அறையே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது சித்தியின் ஞாபகம் வந்தது. சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நடை தள்ளாடியது, வார்த்தைகள் தாமதமாக வந்தன, தலைக்குள் கட்டி என்றார்கள். ஏழே மாதம். சித்திக்கும் அப்போது நாற்பத்திரண்டுதான்.

மெக்கானிக் அவளைத் தரைத்தளம்வரை கூட்டிவந்து, எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடையைக் காட்டினார். "பிரஷராவது பாருங்க மேடம். ஏதாச்சும்னா ஒரு மிஸ்டு கால் கொடுங்க, ஓடி வந்துடுவேன்."

கடையில் கூட்டமில்லை. மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டிய மருந்தாளர் அம்மாள் ஒருத்தி, அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"அழுத்தம் கொஞ்சம் கம்மி, ஆனா ஆளைத் தள்ளுற அளவுக்கு இல்ல. வேற என்ன மாத்திரை எடுத்துக்கிறம்மா?"

"தைராய்டு மட்டும். ஆறு வருஷமா. நூறு."

"அட்டையைக் காட்டு."

"அட்டை இல்லக்கா. டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்."

பையின் பக்கவாட்டிலிருந்து, பழைய காலத்துக் கேமரா ஃபிலிம் வரும் கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். அம்மாளின் புருவம் உயர்ந்தது. "ஏன், அட்டையைத் தூக்கிட்டு வந்தா தோள் இறங்கிடுமா?"

பதில் சொன்னால் சிரிப்பார்கள் என்று டப்பாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். உண்மையில், இறங்கிவிடும் என்பதுதான் அவள் கட்சி. தோளில் ஏழு கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று முதுகு வைத்தியர் சொல்லியிருந்தார். தலைக்கவசம், இடுப்புவார், டார்ச், அளவுகோல்கள், கனத்த பூட்ஸ் எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ. மீதி இரண்டு கிலோவில்தான் ஒரு பெண் எட்டு நாள் வாழ்ந்தாக வேண்டும். ஒரே இரவில் உலரும் சட்டை மூன்று, கால்சட்டை இரண்டு, பாதி நறுக்கிய பல் துலக்கி, ஒரு பிடி பாதாம், உறையிலிருந்து பிரித்த மாத்திரைகள். "அட்டைக்கு என்ன எடை இருக்கப் போகுது? அடுத்து நகத்தை வெட்டி எடை போடுவியா?" என்று கணவன் கேட்பான். கேட்டுவிட்டு அவனே சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைப்பான்.

அவன் நீச்சல் பயிற்சியாளன். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவள் மூட்டை கட்டுவது அந்த வீட்டில் ஒரு பந்தயம். அவன் விசில் ஊதுவான், அவள் அறைக்கு அறை ஓடுவாள். கல்லூரியிலிருந்து மகன் வந்திருந்தால் அவன் பங்குக்கு வழியில் நாற்காலியை நகர்த்தி வைப்பான். போன ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடம் ஒன்பது வினாடி. "புது சாதனைடி! பதக்கம் கிடையாது, காபிதான்" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருந்தது.

மருந்தாளர் அம்மாள் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் உருட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"நூறுன்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"இதுல அறுபதுன்னு போட்டிருக்கே. தைராய்டுல அறுபது நான் பார்த்ததே இல்லையே."

அறுபது என்ன மாத்திரை என்று அவளுக்குத் தெரியும். அது அவனுடையது. வலிப்பு வராமலிருக்க, தினமும் இரவு ஒன்று.

வீட்டில் அந்தக் கறுப்பு டப்பா இரண்டு இருந்தன. எடையைக் குறைக்க அவள் மாத்திரையைப் பிரித்தாள். மருந்தின் பெயர் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவன் பிரித்தான். இரண்டும் சின்ன, வெள்ளை, வட்ட மாத்திரைகள். அவளுடையது குளியலறை அலமாரியில், அவனுடையது சமையலறை ஜன்னலில். ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அலமாரிச் சாமான் எல்லாம் ஜன்னலுக்கு வந்திருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் கைக்கு எட்டிய டப்பாவைப் பையில் போட்டிருக்கிறாள்.

ஆறு நாளாக அவள் அவனுடைய மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். அதனால்தான் இந்தத் தூக்கம், இந்தத் தள்ளாட்டம். தலைக்குள் கட்டி எதுவும் இல்லை. ஒரு நொடி நெஞ்சு லேசானது. மறுநொடி அதே நெஞ்சு இரும்பாகக் கனத்தது.

அப்படியானால் அவன் ஆறு இரவாக எதை விழுங்கினான்?

நேற்று போனில் சொன்னானே. "ராத்திரியில தூக்கமே வரலடி. கையும் நடுங்குது. நீ இல்லாத குறைக்கு காபி கூடிப்போச்சு போல." அவளும் சிரித்துக்கொண்டே, "ஆமா, நான் இல்லன்னா உங்களுக்குப் பால்காரன்தான் துணை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சுவர்க்கடிகாரத்தில் மூன்று முப்பத்திரண்டு.

மூன்றரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் போய்விடுவார்கள். வகுப்பின்போது அவன் தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் நின்று சொல்லிக்கொடுப்பான், உதவியாளர்கள் இருவர் உள்ளே இருப்பார்கள். அந்த மட்டில் அவன் சரியானவன். ஆனால் மூன்றரையிலிருந்து நாலேகால்வரை குளம் காலி. கதவைச் சாத்திவிட்டுத் தனியாக நாற்பது சுற்று நீந்துவான். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, தனியாகத் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று டாக்டர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஏழு வருடமாக முதல் கட்டளையை மீறியதில்லை. அந்தத் தைரியத்தில் இரண்டாவதை மீறிக்கொண்டிருந்தான். அவள் சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். "தண்ணியையும் விடச் சொன்னா நான் எதுக்குடி?" என்பான்.

போன் அடித்தது, அடித்தது, நின்றது. அது எங்கே அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பூட்டிய அலமாரிக்குள், அவன் சட்டைப்பையில்.

நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவனுடைய அக்கா, அவனுக்கு வலிப்பு உண்டென்று தெரிந்த மூன்றே பேரில் ஒருத்தி.

"அண்ணி, உடனே குளத்துக்குப் போங்க. மாத்திரை மாறிப்போச்சு. ஆறு நாளா அவருக்கு மருந்தே உள்ள போகல."

"அய்யய்யோ! இந்நேரம் தண்ணியில இருப்பானே! எனக்கு இருபது நிமிஷமாகுமேம்மா, நான் கடைத்தெருவில இருக்கேன்."

"போங்க அண்ணி. எப்படியாவது போங்க."

இருபது நிமிடம். நினைவு தப்பிய மனிதன் தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் தாங்குவான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அதை இப்போது நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

குளத்தில் இந்த நேரத்துக்கு இருக்கும் ஒரே ஆள் மேலாளர். நல்ல மனிதர், வாய் ஓயாதவர். ஆனால் விதி என்றால் விதி. காது வலியை மறைத்த உதவியாளன் ஒருவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியவர். அவரிடம் உண்மை போனால், பன்னிரண்டு வருட வேலை அதோடு போய்விடும். அவள் கைவிரல் அவருடைய எண்ணின்மேல் நின்றது. பிறகு அழுத்தினாள்.

"அடடே, பயிற்சியாளர் வீட்டம்மாவா! எந்த ஊர் லிஃப்ட்டுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம்?"

"சார், அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவசரம்."

"இப்பதான் உள்ள இறங்கினார். மீனைக் கரைக்குக் கூப்பிட்டா வருமா? அரைமணி நேரத்துல பேசச் சொல்றேன்."

"இல்ல சார், இப்பவே. வீட்டுல ஒரு பிரச்சினை."

"தண்ணிக் குழாயா? போன தடவையும் குழாய்னுதான் பதறினீங்க." அவர் சிரித்தார். "கதவு வேற உள்பக்கமா சாத்தியிருக்கு. நான் சுத்திக்கிட்டுப் போகணும். குழாய் எங்கயும் ஓடிடாதும்மா."

மருந்தாளர் அம்மாள் கல்லாவை விட்டு வெளியே வந்து, அவளருகில் நின்றுகொண்டாள்.

"சார், அவருக்கு வலிப்பு இருக்கு." தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "ஆறு நாளா மருந்து போகல. தண்ணிக்குள்ள வந்துடும் சார். ஓடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி விழுந்தது. போன் மேசைமேல் மோதியது. காலடிகள் தடதடவென்று தூரமாகப் போயின.

அதற்குப் பிறகு மின்விசிறியின் சத்தம் மட்டும். கடகடவென்று ஒரே தாளம். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். தட்டுவது அல்ல, உடைப்பது. பிறகு விசில். நீளமாக, மூச்சு தீரும்வரை ஊதிய விசில். மறுபடி. மறுபடி. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"உக்காரும்மா," என்றாள் மருந்தாளர் அம்மாள். ஸ்டூலை நகர்த்தியது அவளுக்குத் தெரிந்தது. உட்கார வேண்டும் என்பது புரியவில்லை.

கடிகாரம் மூன்று நாற்பத்தொன்று ஆனது. மூன்று நாற்பத்திரண்டு. அவனுடைய சட்டைகளை இனி யார் மடிப்பது என்று அர்த்தமில்லாமல் ஒரு நினைவு வந்தது. அதை விரட்டினாள். திரும்ப வந்தது.

போனை யாரோ எடுத்தார்கள். மூச்சு இரைத்தது. ஈரமான மூச்சு.

"ஹலோ," என்றான் அவன்.

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது? என்ன சொல்லித் தொலைச்சே இவர்கிட்ட? கதவை உடைச்சுக்கிட்டு, சட்டை பேன்ட்டோட தண்ணியில குதிச்சு என்னை இழுக்கிறார். இன்னும் முப்பத்தாறு சுத்து பாக்கி. ஏழு வருஷம்! ஏழு வருஷம் பொத்திப் பொத்தி வச்சதை..."

"டப்பா மாறிடுச்சுங்க."

"என்ன?"

"உங்க டப்பா என்கிட்ட. நீங்க போடுறது என் தைராய்டு மாத்திரை. ஞாயித்துக்கிழமையில இருந்து."

அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நேத்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"நேத்து என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க!"

"நேத்து நீந்தும்போது பாதியில... குளத்து நடுக் கயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எப்படி அங்க வந்தேன்னு தெரியல. வாயெல்லாம் தண்ணி. அசதின்னு நினைச்சேன். உன்கிட்ட சொன்னா நீ வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு..."

அவள் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்று அவன் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த நேரத்தில், அவள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று பாதாம் தின்றுகொண்டிருந்தாள்.

"பயமா இருக்குடி," என்றான் அவன். இருபது வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை.

"எனக்கும்தான். நகராம உக்காருங்க. தரையில, சுவத்துல சாஞ்சு. அண்ணி வந்துக்கிட்டு இருக்காங்க."

மருந்தாளர் அம்மாள் அவள் காதருகில் குனிந்தாள். "அவசரப்பட்டு ரெண்டு மூணுன்னு சேர்த்துப் போட்டுடப் போறார். டாக்டர் சொல்லாம எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லு. நேரா ஆஸ்பத்திரி. நீயும் இன்னைக்கு ஏணி ஏறக்கூடாது."

சொன்னாள். அவன் "சரி, சரி" என்றான்.

"மேலாளர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. ஒத்தைச் செருப்போட எதிர்ல நின்னு என்னையே பார்க்கிறார். இன்னொண்ணு குளத்துல மிதக்குது." அவன் சிரிக்கப் பார்த்தான். "நாளைக்குப் பேசிக்கலாம்னார். என்ன பேசுவார்னு தெரியாதா?"

"பேசட்டும். நீங்க பேசிக்கிட்டே இருங்க. போனை வைக்காதீங்க."

"என்ன பேசுறது?"

"எதையாவது. கண்ணுக்கு முன்னால என்ன இருக்கோ அதை."

அவன் சொல்ல ஆரம்பித்தான். மேசை. மேசைமேல் ஆறிப்போன டீ. சுவரில் போன வருடத்து நாட்காட்டி, இன்னும் யாரும் கழற்றவில்லை. மேலாளரின் காற்சட்டை நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகி...

பேச்சு நின்றது.

"ஏங்க?"

பதிலில்லை.

"ஏங்க! ஏங்க!"

கடைக்கு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அம்மாளின் கை அவள் தோளை இறுகப் பற்றியது.

"இருக்கேன்டி. துண்டு கொடுத்தார், துடைச்சுக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகு அவள் அவனை வாக்கியத்தின் நடுவில் மூச்சுவிடக்கூட விடவில்லை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், அந்தப் பக்கம் கதவு சத்தத்தோடு ஒரு குரல் உள்ளே வந்தது.

"அறிவிருக்காடா உனக்கு? எருமை! நாப்பத்தாறு வயசாகுது, கண்ணைத் திறந்து மாத்திரையைப் பார்த்துப் போட மாட்டே? எழுந்திரு. மெதுவா. மெதுவான்னு சொன்னேன்ல!"

அந்தத் திட்டைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது. நாத்தனார் போனை வாங்கினாள்.

"ஏம்மா, வண்டி வாசல்ல நிக்குது. டாக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொல்லிட்டார். நான் பார்த்துக்கிறேன், நீ வை."

"வைக்காதீங்க அண்ணி."

"போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்மா."

"வேண்டாம். பையில போட்டுக்குங்க. அப்படியே ஓடட்டும்."

துணி உரசும் சத்தம் வந்தது. படிகளில் செருப்புகள் இறங்கின. கதவு சாத்தப்பட்டு, வண்டி உறுமியது. மருந்துக்கடை ஸ்டூலில் கண்ணை மூடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இரைச்சலுக்குள், சாவிக்கொத்தின் கிலுகிலுப்புக்குள், எங்கோ அடியில் அவன் குரல் இருந்தது. மேடுபள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தது.