காத்தூன் பீவி ஏறினால் மட்டும்

சௌக்கத் அலியின் கறுப்புக் காருக்கு ஸ்பிரிங் பட்டைகளும் ஷாக்குகளும் புதிதாக மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அந்த வண்டி தண்டையார்பேட்டைப் பள்ளங்களில் விழுந்து விழுந்து எழும். ஏறியவர்களின் எலும்பை எண்ணிவிடும். ஆனால் வாய் திறந்ததில்லை. இப்போது குலுக்கம் போய்விட்டது, கூச்சல் வந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவயிற்றிலிருந்து 'கிரீச்' என்று ஒரு அலறல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

பழி டிரைவர் தமீமின் தலையில் விழுந்தது. வால்டர் மேஸ்திரியின் ஷெட்டில் வேலையைக் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சிபாரிசு செய்தவன் அவன்தான்.

வால்டர் லேசுப்பட்டவர் அல்ல. பேசின் பிரிட்ஜ் யார்டில் இருபத்திரண்டு வருடம் ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை வண்டிகள்தான் உண்டு: ரயில் ஒன்று, ரயிலாகப் பிறக்கக் கொடுத்து வைக்காதவை மற்றொன்று. இரண்டாவது வகைக்கும் மனமிரங்கி ரயில்வே வைத்தியமே பார்த்தார்.

"சத்தமா? எங்க கீது சத்தம்?" என்று முதல் தடவை கேட்டார். காரைத் தனியாக எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் வரை போய்த் திரும்பினார். யார்டில் பெட்டியைக் காலியாக ஓட்டித்தான் சோதிப்பார்களாம். "சத்தம் கேக்கணும்னா வண்டியில வேற வாயி இருக்கக் கூடாது" என்பது அவருடைய சட்டம். வண்டி பாலைக் குடித்த பூனையாய் வந்து நின்றது.

ஆனாலும் தமீமின் மனசு ஆறட்டும் என்று அடியெல்லாம் கிரீஸ் அப்பினார். மறுநாளும் அலறியது. அடுத்த முறை முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் எண்ணெய் வரவழைத்து ரப்பர்களுக்கெல்லாம் அபிஷேகம் செய்தார். இரண்டு நாள் சத்தம் அடங்கியது. மூன்றாம் நாள் சத்தமும் வந்தது, காருக்குள் கருவாட்டு வாடையும் வந்தது. கடைசியில் மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார்: "தமீமு, வண்டி ஷோக்கா கீது. உங்க மொதலாளி காதுலதான் கோளாறு."

கோளாறு எங்கே இருக்கிறது என்று தமீமுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியும். வீட்டில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் தெரியும். காத்தூன் பீவி பின்சீட்டில் ஏறினால் மட்டும்தான் வண்டி கத்தியது. அதை வெளியே சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

காத்தூன் பீவி சௌக்கத் அலியின் அக்கா. அல்லாஹ் அவருக்கு உடம்பையும் குரலையும் வஞ்சனையில்லாமல் கொடுத்திருந்தான். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் முன்னால் சௌக்கத் அலிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காரில் போகும்போது மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, அக்காவைப் பற்றி மனசில் இருப்பதையெல்லாம் தமீமின் காதில் முணுமுணுப்பார். இந்த மூன்று வாரமாக அவருக்குக் கொண்டாட்டம்தான். எவ்வளவு திட்டினாலும் பின்சீட்டுக்குக் கேட்காமல் 'கிரீச்' வந்து மூடிவிடும்.

வியாழக்கிழமை தோறும் ராயபுரத்தில் சம்பந்தி சாபிரா வீட்டுக்கு அக்கா போவார். போன வியாழன் கார் அந்த வாசலில் அலறிக்கொண்டு போய் நின்றதும், சம்பந்தி வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"வர்ற வியாயக்கெழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும்" என்றார் தம்பியிடம். "இல்லாங்காட்டி வேற டிரைவரப் பாரு. இவன் ஓட்டத் தெரியாம ஓட்டி வண்டியப் பாழாக்கிட்டான்."

"ஆமாக்கா, நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் சௌக்கத் அலி. அப்பேர்ப்பட்ட வீரர்.

தமீம் கார் ஓட்ட வருவதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அவன் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். புதன்கிழமை காலை வரை பொறுத்துப் பார்த்தான். அதற்கு மேல் தாங்கவில்லை. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று நேரே போய் அக்காவின் முன்னால் நின்றான்.

"பெரீம்மா, கோவிச்சுக்காதீங்க. வண்டி சும்மா கத்தல. நீங்க ஏறுனாத்தான் கத்துது. காலியா ஓட்டி ஓட்டி மேஸ்திரி ஒண்ணுமில்லன்றாரு. நீங்க வந்து குந்தினா அவருக்குத் தெரியும்."

காத்தூன் பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு வாரமா இது எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் பெரீம்மா."

அவர் முகம் சிவந்தது. வெட்கமா, கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "வண்டிய எடு" என்றார்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, காத்தூன் பீவி வால்டரின் ஷெட்டுக்குள் பின்சீட்டில் அமர்ந்தபடியே வந்து இறங்கினார். வாசல் மேட்டில் வண்டி ஏறியபோது எழுந்த அலறலில் எதிர்ப்பக்கக் கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வால்டரின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது.

"இத எப்படி மாட்டுன, சொல்லு" என்றார் அக்கா.

"ரயில்வே மொறைம்மா! வண்டிய ஜாக்கியில தூக்கி நாலு கட்ட மேல நிறுத்தி, சக்கரம் அந்தரத்துல தொங்குறப்போ ஒவ்வொரு போல்ட்டா முடுக்குனேன். என் முடுக்கு ஆனையே ஏறினாலும்..." மேஸ்திரி எதிரே நிற்பவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆனை இல்ல, நாந்தான் ஏறுனேன். சொல்லு."

"அசையாதும்மா" என்று முனகினார்.

"ஏறி உக்காந்தா ஸ்பிரிங்கு அசையணுமா, வாணாமா? என் செருப்புக்கு வார் தைக்கிறவன் கூட காலத் தரையில ஊணி நிக்க வச்சுத்தான் வார இழுக்கறான். தூக்குன கால்ல இழுத்துக் கட்டினா, ஊணுனதும் கடிக்காதா?"

வால்டர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். இருபத்திரண்டு வருட ரயில்வே இதைச் சொல்லித் தந்ததில்லை. சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங் பட்டையின் முனை வளையத்திலிருந்த ரப்பரை அவர் இறுக்கிப் பூட்டியிருந்தார். பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது ரப்பர் நகர முடியாமல் முறுக்கிக்கொண்டு அலறியது. பாரம் கூடக்கூட முறுக்கும் கூடியது. மேலே ஊற்றிய மீன் எண்ணெய் ரப்பரை ஊற வைத்ததுதான் மிச்சம்.

ஊறிய ரப்பர்களைக் கழற்றிப் புதிது போட்டார். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். அக்கா ஏறி அமர்ந்தார். வால்டர் சாக்கை விரித்து அடியில் படுத்து, ஒவ்வொன்றாய் முடுக்கினார். அரைமணி நேரம் அக்கா அசையாமல் உட்கார்ந்து, "நல்லா முடுக்கு, நல்லா முடுக்கு" என்று மேலிருந்து மேற்பார்வை பார்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா பின்னால், சௌக்கத் அலி முன்னால், தமீம் ஸ்டியரிங்கில். முதல் பள்ளம் வந்தது. வண்டி இறங்கி ஏறியது. ஒரு முனகல் கூட இல்லை. இரண்டாவது பள்ளம், மூன்றாவது பள்ளம். தமீமுக்குக் கண் கலங்கிவிட்டது. யா அல்லா, முதுகு பிழைத்தது என்று நினைத்தான்.

சௌக்கத் அலி வழக்கம்போல அவன் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்: "பீப்பா மாரி கீறேன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டியாமே? உனுக்கு அம்மாம் கொழுப்பா? நாளைக்கு வேலைக்கு வராத. அக்காகிட்ட நீயே வுட்டுட்டுப் போய்ட்டேன்னு சொல்லிக்கிறேன்."

மூடிவிட எந்தச் சத்தமும் வரவில்லை.

"தமீமு, வண்டிய ஓரங்கட்டு" என்றது பின்சீட்டு.

தமீம் நிறுத்தினான். சௌக்கத் அலியின் கழுத்து திரும்ப மறுத்தது.

"பீப்பான்னு அவன் சொல்லல, சௌக்கத்து. கத்துதுன்னான். பீப்பா உன் சொந்தச் சரக்கு. எறங்கு."

"அக்கா, சம்பந்தி வூட்டுக்கு இன்னும் ஒரு மைலு..."

"நடந்து வா. இந்த வூட்ல என்கிட்ட நெசம் பேசுனது ஒருத்தன்தான், அவன் நாளைக்கும் வருவான். எறங்கு, வண்டிக்குப் பாரம் கொறையும்."

கதவு சாத்தியதும் தமீம் கியரைப் போட்டான். அடுத்த பள்ளத்தில் வண்டி பேசாமல் இறங்கி ஏறியது. சம்பந்தி வீட்டுக்கென்று மாட்டி வந்த சௌக்கத் அலியின் புதுச் செருப்பு மட்டும் பின்னால் தெருவில் கிரீச், கிரீச் என்று வந்துகொண்டிருந்தது.