கழுவிய படலம்

கடல்பாசிப் பசையில் கிருமியை வளர்ப்போம். அதே கடல்பாசிப் பசையால் கிருமியைக் கொல்லப் பார்ப்போம். எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பு அதுதான். பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘உடனே’. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மனிதருக்கு எல்லாமே உடனே வேண்டும்.

பாசிப் பசையோடு கிருமிகொல்லி ரசாயனம் ஒன்றைப் பிணைத்து, மெல்லிய படலமாகக் காயவைப்பது என் வேலை. புண்ணில் ஒட்டினால் சீழ் பிடிக்கக் கூடாது. எனக்கு இதில் சுயநலமும் உண்டு. மாடிப்படியில் விழுந்த அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுத்துப் படுத்தே புண். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், “உன் பாசி என்ன ஆச்சு?” என்பாள்.

கிருமித் தட்டில் படலத்தை வைத்தால் சுற்றிலும் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழுந்தது. ‘உடனே’ துள்ளினார். எனக்கு உறுத்தியது. பசையோடு பிணைந்த ரசாயனம் இருந்த இடத்தை விட்டு நகராது. பிறகு எப்படி அத்தனை தூரம் போய்க் கொன்றது?

பிணையாமல் மிஞ்சியதை வெளியேற்ற, பசையைச் சவ்வுப்பையில் கட்டித் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நாளாகும். எங்கள் ஆய்வகத்திலோ ஒரு முறை முக்கி எடுத்தால் போதும் என்பது அவர் போட்ட சட்டம். நான் ஒழுங்காகக் கழுவிப் பார்த்தேன். வட்டம் காணாமல் போனது. படலத்துக்கு அடியிலேயே கிருமி ஜாம்ஜாமென்று குடித்தனம் நடத்தியது. பசையில் ஒன்றுமே பிணையவில்லை. கொன்றதெல்லாம் கழுவாத மிச்சம். அது சதையையும் விட்டுவைக்காது.

“சார், அந்த வட்டம் பொய்.”

“உன்ன யாரும்மா கழுவச் சொன்னா?”

“அப்ப ஆய்வுக் கட்டுரையிலேர்ந்து என் பேர எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டார். ஆய்வகத்திலிருந்தும் சேர்த்து.

அடுத்த மாதம் தொலைக்காட்சிச் செய்தியில் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். கையில் என் படலம், கழுவாதது. அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் வரப்போகுதாம். எனக்குக் கொண்டுவர மட்டும் உனக்கு மனசு வரல.”

“அது சதைய அரிச்சிடும்க்கா. சத்தியமா. வெந்துபோற மாதிரி எரியும்.”

“எரிஞ்சா எனக்கு அங்க தெரியவா போகுது?” என்றாள். “அவரோட சண்டை போட்டு வேலைய விட்டுட்டு வந்த. அந்தக் கோவத்த என் புண்ணு மேல காட்டாத.”

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. யாருக்காக அந்தப் படலத்தோடு மல்லுக்கட்டினேனோ, அவளே என்னைப் பொறாமைக்காரி ஆக்கிவிட்டாள். கழுவியதை எடுத்துச் சொன்னேன், தட்டைப் பற்றிச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்போது அவள் கணவர் போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

“உங்க சார்கிட்டதான் பேசினேன். தங்கமான மனுஷன். காசே வேணாங்கிறாரு. போட்டுப் பாக்க அவரே ஒரு ஆளத் தேடிட்டு இருந்தாராம்.”

அக்கா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து எத்தனையோ காலமாயிற்று.

“வேணாம் மாமா” என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.